அத்தைக்குக் கோபமில்லை

நெயாஃபு, வவாவு தீவு
10 மார்ச் 1997

அன்புள்ள லேசியேலி அத்தைக்கு,

ஃபூசி எழுதுவது. பிரிஸ்பேன் போனதும் எழுதுவதாகச் சொன்னீர்கள். தபால் ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது.

ஒரு செய்தி. நான் முழுகாமல் இருக்கிறேன். செப்டம்பரில் பிறக்கும். கேட்டதும் அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "மொதல்ல அத்தைக்கு எழுதுடி. வழியனுப்பு விருந்துல அத்தனை பேர் முன்னாடி அவங்கள என்ன சொன்னே? அப்பனோட அக்கா மனசுல முள்ளு இருந்தா தலைப்பிரசவம் லேசுல ஆகுமா?" என்கிறாள்.

விளையாட்டாகத்தான் சொன்னேன், அத்தை. "நாப்பத்தஞ்சு வயசுல மெக்கானிக்கல்ல மாஸ்டர்ஸ் படிச்சு என்ன பண்ணப் போறீங்க? கழட்டி மாட்டிப் பாக்க வீட்ல ஒரு புருஷன்கூட இல்லையே!" எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். இல்லையா?

கோபமா, அத்தை? ஜூலை விடுமுறையில் வந்து என் வயிற்றில் கை வைத்து, மனசில் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும்.

உங்கள் ஃபூசி

~

பிரிஸ்பேன்
2 ஏப்ரல் 1997

அன்பு ஃபூசிக்கு,

உன் செய்தி கிடைத்து மனம் குளிர்ந்தது. சேப்பங்கீரையும் மீனும் நிறையச் சாப்பிடு.

கோபமா, எனக்கா? அதை அன்றே மறந்துவிட்டேன். பிரசவம் கடினமாவதற்கு இடுப்பெலும்பு காரணமாக இருக்கலாம், பிள்ளை திரும்பியிருக்கும் விதம் காரணமாக இருக்கலாம். அத்தையின் மனசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இத்தனை வருடம் தொழிற்கல்லூரியில் பாடம் நடத்தியவள் சொல்கிறேன், நம்பு.

இங்கே கூடப் படிக்கும் பையன்கள், "ஆன்ட்டி, அந்தக் கணக்கு உங்களுக்கு வந்துச்சா?" என்கிறார்கள். நம் ஊரில் அத்தை என்றால் விருந்தில் முதல் பாயில் இடம். இங்கே அதற்குக் கிழவி என்று பொருள். அதிர்வுகள் பாடத்தின் முதல் தேர்வில் தேறவில்லை. கணிதம் கையைவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் என் ஆராய்ச்சிக்குப் பேராசிரியர் சம்மதித்துவிட்டார். நம் தீவுப் படகுகளில் விசிறியைச் சுற்றும் ஷாஃப்ட் ஏன் நடுக்கடலில் முறிகிறது என்பதுதான் கேள்வி. எடை தொங்கவிட்ட இரும்புத் தண்டு ஒன்றை, அது முறியும்வரை இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஜூலையில் வர முடியுமா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அத்தை

~

பிரிஸ்பேன்
7 ஜூலை 1997

அன்பு ஃபூசிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நான் வரும்போது விருந்து வைக்க உன் அப்பா பன்றி கட்டி வளர்ப்பதையும் படித்தேன். வர முடியவில்லையம்மா. சோதனை நடுவில் நிற்கிறது. இப்போது விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உனக்கு இரண்டு தொளதொள சட்டைகள் அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மாவின் திருப்திக்காக எழுதியே தருகிறேன்: என் மனசில் ஒன்றுமில்லை. இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அத்தை

~

நெயாஃபு
30 செப்டம்பர் 1997

அன்புள்ள அத்தைக்கு,

பையன் பிறந்திருக்கிறான்.

வலி இரண்டு நாள் நீண்டது. அம்மா உங்கள் ஜூலைக் கடிதத்தை என் காதருகே திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, "இது கை எழுதினதுடி. மனசு எழுதல" என்றாள். அப்பா தபால் ஆபீசிலிருந்து உங்கள் விடுதிக்கு ஃபோன் போட்டார். திரும்பி வந்து, "அக்கா இல்லியாம். லேப்ல இருக்காளாம்" என்று மட்டும் சொல்லிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பிள்ளை திரும்பியிருந்தானாம். நீங்கள் எழுதியது சரிதான்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அங்கே உங்கள் துறையில் படிக்கிற நம் ஊர் விலியாமி, அவன் மாமா சாவுக்கு ஆகஸ்டில் வந்திருந்தான். சர்ச் வாசலில் கேட்டேன்: "ஜூலைல அத்தைக்கு ரொம்ப வேலையாடா?"

"ஜூலையா? மிஷின் பழுதுன்னு மாசம் பூரா லேபையே பூட்டிட்டாங்களே. அத்தை லைப்ரரில தனியா உக்காந்திருப்பாங்க. பாவம்."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட.

கோபம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே, அத்தை? கோபத்துக்கு நம்மிடம் மருந்து இருக்கிறது. கழுத்தில் இஃபி இலை மாலையைப் போட்டுக்கொண்டு உங்கள் முன் தரையில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருப்பேன். தீர்ந்திருக்கும். கோபமே இல்லை என்கிறவரிடம் நான் எந்த மாலையைப் போட்டுக்கொண்டு வருவது?

ஃபூசி

~

பிரிஸ்பேன்
13 அக்டோபர் 1997

ஃபூசிக்கு,

எனக்குக் கோபம் இருந்தது.

நீ விருந்தில் சொன்னது நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டதுதான். அதை உன் வாயில் கேட்டபோது பொறுக்கவில்லை. படித்தவள் இதற்கெல்லாம் கோபப்படலாமா என்று அதன் மேல் சிரிப்பைப் பூசிவிட்டேன்.

விலியாமி சொன்னது உண்மை. ஜூலையில் டிக்கெட் வாங்கும் இடம்வரை போய்த் திரும்பி வந்தேன். அத்தையின் மனசு பிரசவத்தை ஒன்றும் செய்யாது என்று உனக்கு எழுதியவள் நான். ஆனால் அன்று திரும்பி நடந்தபோது, செய்தால் செய்யட்டும் என்று எனக்குள் ஒருத்தி நினைத்தாள். ஒரு நொடிதான். நம்பாத ஒன்றை வைத்து உன்னைத் தண்டிக்கப் பார்த்திருக்கிறேன். உன் அப்பாவின் ஃபோன் வந்தபோது லேபில் இருந்தது மட்டும் நிஜம். அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

உன் அப்பாவிடம் சொல்லிவிடு. எனக்காக மறைக்காதே.

டிசம்பரில் படகில் வருகிறேன். நீ எந்த மாலையும் போட வேண்டாம். தம்பி மகளிடம் மன்னிப்புக் கேட்க வரும் அத்தை எதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நம்மவர்கள் யோசித்தே வைக்கவில்லை. அந்த இலை மாலையையே நான் போட்டுக்கொள்கிறேன். படகுத்துறையிலிருந்து உன் வாசல்வரை, ஊர் பார்க்க நடந்து வருவேன். "பெரியவ இப்படி வரலாமா?" என்று உன் அம்மா ஓடிவந்து கழற்றப் பார்ப்பாள். விடாதே.

பையனை என் கையில் தர வேண்டாம். தூரத்திலிருந்து காட்டினால் போதும்.

லேசியேலி