பாப்பாவின் இடது கால்

மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிவிடப் போன ஜெயப்பிரகாஷ் மத்தியானம்தான் திரும்புவான். அவன் போன இடத்தில் சிக்னல் கிடைக்காது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், நர்மதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணவனுக்கு எழுதினாள்.

"மாமா, பாப்பாவத் தூக்கிக்கினு கள்ளக்குறிச்சி எலும்பு டாக்டருகிட்ட போறேன். சாவி கோழிக்கூண்டு மேல கீது. சோறு ஆக்கிட்டேன், கொழம்ப மட்டும் சூடு பண்ணிக்குங்க.

நேத்து நீங்க வாங்கியாந்த ஷூ பெருசு, அதான் பாப்பா காலை இழுத்து நடக்குதுன்னு உங்களத் திட்டினேன். வளர்ற புள்ளைக்குப் பெருசாத்தான் வாங்கணும்னு நீங்களும் கத்தினீங்க. காலைல பக்கத்து வூட்டு வெள்ளச்சி அக்கா அவங்க புள்ளையோட பழைய ஷூவக் குடுத்தாங்க. அளவு சரியா இருந்திச்சி. அப்பவும் எடது காலை இழுத்துச்சி. வெறுங்காலோட வுட்டுப் பாத்தேன். அப்பவும் அப்படித்தான். தப்பு ஷூவுல இல்ல மாமா."

குழந்தையைப் பாயில் கிடத்தி இரண்டு கால்களையும் மறுபடி சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். இடது கால் குட்டையாகத்தான் தெரிந்தது. விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை சிரித்தது. நர்மதா பேனாவை மறுபடி எடுத்தாள். தாளில் மிச்சமிருந்த ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"எடது காலு கொஞ்சம் குட்டையா கீது. அத்தைகிட்ட இப்ப சொல்லாதீங்க. சாப்ட்டுட்டு வாங்க, பைக்க மெதுவா ஓட்டுங்க. எனக்கு பயமா கீது. டோக்கன் வாங்கிக்கினு வெளியவே ஒக்காந்திருப்பேன். நீங்க வராம உள்ள போவ மாட்டேன்."