உன் பெயர் வெட்டிய டை ராடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் கைக்கட்டையும் பிரித்தாகிவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனி அவரை ஓட்டவிடாதீர்கள், அந்தப் பழைய ஜீப்பை யார் தலையிலாவது கட்டிவிடுங்கள், சித்தப்பாவும் போனில் அதையேதான் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் கோபமில்லை, உனக்குச் சொல்லிக்கொடுத்த வாயின்மேல்தான் கோபம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

போன வருடம் நீ அனுப்பிய பணத்தில் ஜீப்புக்குப் புது டை ராடு வாங்கினோமே, ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்புகிற நீளக் கம்பி, அதை மாட்டுவதற்கு முன்னால் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போய் உன் பெயரை வெட்டிக்கொண்டு வந்தேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, "இது என்ன குடமாக்கா, கல்யாண வீட்ல எவனாவது மாத்தி எடுத்துட்டுப் போக?" என்றார். என்ன செய்வது, வீட்டுக்கு வருகிற கரண்டியில்கூடப் பெயர் வெட்டாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. கேலி செய்வார் என்று அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அதற்கப்புறம்தான் சித்தப்பா தன் ஜீப் பட்டறையில் நிற்கிறது என்று நம்முடையதை இரவல் வாங்கிப்போய்ச் சில நாள் வைத்திருந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்துபோய் வாங்கிய ஒரே மாதிரி ஜீப்புகள், உனக்குத் தெரியும். திருப்பிக் கொடுத்த கொஞ்ச நாளிலேயே அப்பா வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போய், ஜீப் மரக்கடைச் சுவரில் மோதி நின்றது. ஸ்டியரிங் பேச்சைக் கேட்கவில்லை என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, மோதின வேகத்தில் ராடு முனை கழன்றிருக்கும் என்றார்கள். சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்து நர்ஸ் காதில் விழுகிற மாதிரி, "அண்ணனுக்குக் கண்ணு மங்கிடுச்சு அண்ணி, சாவிய ஒளிச்சு வச்சிடுங்க" என்றார். அப்பாவே சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, நான்தான் தப்பாகத் திருப்பினேனோ என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மெக்கானிக் கழற்றிய ராடை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முனையில் மாட்டும் பால் ஜாயிண்ட் இரண்டை எடுத்துவைத்து, எல்லாம் ஒன்றுதான், விலைதான் வேறு என்றார். ஆட்டிப் பார்த்தேன். ஒன்றின் தலை கழுத்து நிற்காத குழந்தை மாதிரி தொங்கியது, மற்றொன்று அசைய மாட்டேன் என்றது. என் கையிலேயே ஆடுவது ரோட்டில் ஆடாமல் இருக்குமா என்று கேட்டு, ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்து, முரண்டு பிடித்த ரகத்திலேயே இரண்டு முனைக்கும் வாங்கினேன். நீளம் அளக்க ராடின் கிரீஸைத் துடைத்தேன், உன் பெயர் இல்லை. திருப்பித் திருப்பித் துடைத்தேன், எங்கேயும் இல்லை.

மறுநாளே சித்தப்பா வீட்டுக்குப் போய், தோட்டின் திருகு விழுந்துவிட்டது என்று சொல்லி அவர் ஜீப்புக்கு அடியில் டார்ச்சோடு படுத்தேன். உன் சித்தியும் கூடவே குனிந்து தேடினாள், பாவம். ஒரு துடைப்புத்தான், உன் பெயர் தலைகீழாக என்னைப் பார்த்தது. திருகு கிடைத்துவிட்டது என்று எழுந்து, அவள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். அன்றே கேட்டிருந்தால் சித்தப்பா நாலு சுவருக்குள் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார். எனக்கு மன்னிக்க விருப்பமில்லை. சாமியிடம் பொறுமையைக் கேட்டேன், மனசை மாற்று என்று மட்டும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஜீப்பை விலை பேச ஆள் வருகிறது என்று சித்தியே சொன்னாள். மெக்கானிக்கையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா பானட்டைத் தட்டி, ஸ்டியரிங் எல்லாம் புதுசு, ஒரு விரலில் ஓட்டலாம் என்று தெருவுக்கே கேட்க அளந்துகொண்டிருந்தார். நான் வாங்க வந்தவரிடம், "கீழ குனிஞ்சு பாருங்க தம்பி, அந்த ராடுல எம்பொண்ணு பேரு இருக்கும்" என்றேன். அவர் குனிந்து உரக்கவே படித்தார். சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. அப்பா, "ஏன்டா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள்: "நீங்க மெதுவாத்தானேண்ணே ஓட்டுவீங்க, உங்களுக்கு அது போதும்னு நெனச்சேன்."

அதுவரை பாதி மனசாக இருந்தேன், அந்தப் பதிலோடு அதுவும் தீர்ந்தது. அங்கேயே, தெருவிலேயே, நம் ராடைக் கழற்றச் சொன்னேன். நம் ஜீப்பில் அவர் மாட்டிவிட்டிருந்த பழைய ராடைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிச் சித்தி கையில் கொடுத்தேன், முனை கழன்ற கம்பி, மாட்டவும் உதவாது, ஆனாலும் அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு. வாங்க வந்தவர் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். ஜீப் வாசலில் ஒரு சக்கரம் தெருவையும் ஒரு சக்கரம் சுவரையும் பார்த்துக்கொண்டு இன்னும் அப்படியே நிற்கிறது.

உன் பெயர் வெட்டிய ராடையே மாட்டி, நான் வாங்கிய முனைகளைப் போட்டு நம் ஜீப் தயாராகிவிட்டது. நேற்று அப்பா தானே சாவியை எடுத்து மார்க்கெட் வரைக்கும் ஓட்டினார். சித்தப்பா வீட்டைத் தாண்டும்போது ஹாரனை அழுத்தியது நான். அவர் உனக்குப் போன் செய்து அழுவார். நலம் விசாரி, சமாதானத் தூது மட்டும் என்னிடம் கொண்டுவராதே. அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, தப்பு உங்கள்மேல் இல்லை என்று, நீ சொன்னால்தான் அவருக்கு மனசில் நிற்கும். மாப்பிள்ளையையும் தன் காருக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல், மறந்துவிடாதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். சித்தப்பாவையும் நான் சபிக்கவில்லை. நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையும் கொடு என்றுதான் அவருக்காகத் தினமும் வேண்டுகிறேன். தன் வாசலில் அந்த ஜீப் நிற்பதை அவர் ரொம்ப காலம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா