இருபதுக்குப் பன்னிரண்டு

கடவுள் துணை

நவம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய முதல் இங்கிலீஷ் கேசட்டைப் போட்டபோது இருந்தவர்கள்: நான், கட்டிலில் மாமா, வாசல்படியில் உங்கள் அக்கா, டேப்ரெக்கார்டரைப் பழுது பார்த்துவிட்டு அது பேசுகிறவரை போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட ரேடியோ மெக்கானிக், மாமாவுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வந்த நர்ஸ், நம் ஊசிக்கார அக்கா. ஆக ஐந்து பேர். கடவுளையும் சேர்த்தால் ஆறு.

பிற்பகல் மூன்று மணி. மாமாவை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்த கையோடு உட்கார்ந்தேன். மறுபடி திருப்ப ஐந்து மணி ஆகும். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் என்னுடையது.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். தேர்வில் ஒரு தடவைதான் போடுவார்கள் என்பதால் ஒரே தடவைதான் கேட்டேன். திருப்பிச் சுற்றமாட்டேன் என்று சாமி படத்தின் முன்னால் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். ஒரு ஆள் நூலகத்தில் சேர வருகிறான், ஒரு அம்மா விவரம் சொல்கிறாள். மெக்கானிக், "இந்தம்மா ஏன் இப்படி ஓடுது? டேப்பு வேகமா சுத்துதா பாக்கட்டுமா?" என்றார். ஊசிக்கார அக்கா, "அவங்க பேச்சே அப்படித்தான்யா. உங்க மோட்டார் மேல பழி போட்டுக்காதீங்க" என்றாள். உங்கள் அக்கா விடுவாளா? "நாம பேசினாலே இவளுக்குப் பாதிதான் ஏறும். இங்கிலீஷ்காரி பேசினா ஏறிடுமாக்கும்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மூன்றாம் கேள்வி போயே போய்விட்டது. மற்ற பத்தொன்பதும் எழுதிவிட்டேன்.

இருபதுக்குப் பதினைந்து, தொடர்ந்து மூன்று தடவை வாங்கினால்தான் தேர்வுக்குப் பதிவு செய்வேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். நியாயம்தான். கல்யாணமாகி எட்டு மாதம் சேர்ந்து இருந்தோம். நாலு வருஷமாகப் பிரிந்து இருக்கிறோம். இந்த இங்கிலீஷ் தேர்வில் தேறாத மனைவியை அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்றால், நான் தேறித்தான் ஆகவேண்டும். எழுதுவதும் படிப்பதும் எப்படியோ வந்துவிட்டது. கேட்பதுதான் மிச்சம். காதைத் தீட்டி வைத்துக்கொள்கிறேன்.

விடைத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்புங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி


நவம்பர் 27

என் செல்ல மக்குக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு வருஷத்தில் அப்பாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். அது உன் கைராசி. வேறு யாருக்கும் வராது.

தாளைத் திருத்திவிட்டேன். இருபதுக்கு ஒன்பது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எட்டாவதோடு நின்றவள், மளிகைச் சாமான் சுற்றி வந்த காகிதத்தில் இங்கிலீஷ் படித்தவள், உனக்கு ஒன்பதே அதிகம். கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னேன். "ஒன்பதா!" என்று கை தட்டினார்கள். கேலிதான், ஆனாலும் பாசமான கேலி.

எது தப்பு, எது சரி என்று கேட்காதே. சொன்னால் அதை மட்டும் மனப்பாடம் செய்வாய், காது வளராது. விடைப்புத்தகம் என்னிடமே இருக்கட்டும். பார்க்கக்கூடாததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உத்தமியாக இருப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நான் உனக்குக் கொடுப்பேனா?

ஊருக்கு வரும் நண்பர் கையில் இன்னும் ஆறு கேசட் அனுப்பியிருக்கிறேன். அவசரமே இல்லை. அப்பாவுக்கு நகம் வெட்டிவிடு. வலது கையில் பார்த்து வெட்டு, அவருக்கு அங்கே உணர்வு இல்லை, சதையை வெட்டினாலும் தெரியாது.

உன் வாத்தியார்


கடவுள் துணை

மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி, கேசட் எண், உட்கார்ந்த நேரம், நீங்கள் போட்ட மதிப்பெண் எல்லாம் எழுதி வருகிறேன். ஒன்பது, பத்து, எட்டு, பத்து. படி ஏறவே மாட்டேன் என்கிறது.

காதில்தான் கோளாறோ என்று போன வாரம் காது டாக்டரிடம் போனேன். அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு குசுகுசுவென்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். "உங்க காது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேக்குமேம்மா, எதுக்கு இங்க வந்தீங்க?" என்று அனுப்பிவிட்டார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். நாலாவது கேசட்டில் பஸ் நம்பர் நாற்பத்தேழு. அந்த ஆள் அதை இரண்டு தடவை சொன்னான். அதுவுமா தப்பு? மாமாவிடம் கேட்டேன். முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து உலகம் பேசினதையெல்லாம் கேட்டவர். அவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, காது போகவில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, கட்டில் கம்பியில் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. "நாப்பத்தேழுதானே மாமா?" என்றேன். இரண்டு தட்டினார். "அப்போ நான் கேட்டதுதான் தப்பா?" என்றேன். ஒன்று தட்டினார். அன்றைக்குப் பிரார்த்தனையில் என் கர்வத்தைக் கரைக்கச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

இன்னொன்று. முன்னெல்லாம் நாலு பக்கம் எழுதுவீர்கள். உங்கள் அறை ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்றுகூட எழுதுவீர்கள். இப்போது மதிப்பெண்ணும் மாமாவின் நகமும்தான் வருகின்றன. குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா?

ஐந்தாவது கேசட்டின் விடைகள் உள்ளே.

உங்கள் மனைவி


ஏப்ரல் 2

என் செல்ல மக்குக்கு,

ஐந்தாவது கேசட்டுக்குப் பத்து.

காது டாக்டரிடம் போனாயாமே! படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. காது நன்றாக இருந்தால் போதுமா, காதுக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டாமா? அப்பாவே தப்பு என்று தட்டிவிட்டார். இனிமேல் என்னோடு மல்லுக்கு நிற்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? நீ நாளைக்கே தேறிவிட்டால் எனக்குத்தான் தலைவலி. அப்பாவை யார் பார்ப்பது? அக்காவுக்கு இடுப்பு சரியில்லை, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கமாட்டாள். வேற்று ஆள் கை பட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது. நீ இவ்வளவு சாமி கும்பிடுகிறாயே, உன்னைத் தேறவிடாமல் வைத்திருப்பதில் அந்தச் சாமிக்கே ஒரு எண்ணம் இருக்கும் என்று உனக்குத் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றுகிறது.

ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. பார்க்க நேரமில்லை.

உன் வாத்தியார்


கடவுள் துணை

ஏப்ரல் 21

அன்புள்ள உங்களுக்கு,

நலம். மாமாவும் நலம்.

இந்தத் தடவை ஆறாவது, ஏழாவது கேசட்டுக்கு இரண்டு தாள்கள் சேர்த்து அனுப்புகிறேன். இரண்டிலும் இருபது இடத்தையும் நிரப்பியிருக்கிறேன், ஒன்றுகூடக் காலியில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்துங்கள். அவசரமில்லை என்று நீங்களே சொல்வீர்களே, நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் மனைவி


மே 10

என் செல்ல மக்குக்கு,

பரவாயில்லையே! ஆறாவதற்குப் பதினொன்று. ஏழாவதற்குப் பன்னிரண்டு. இருபதுக்குப் பன்னிரண்டு! கையெழுத்தும் அழகு. எழுத்துப்பிழையை மட்டும் கொஞ்சம் கவனி, கேள்வியை இன்னும் கூர்ந்து கேள். ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து திருத்தியதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதற்காவது நன்றியோடு இரு.

ஆனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பதினைந்தை மூன்று தடவை வாங்க உனக்கு இந்த வேகத்தில் எத்தனை வருஷம் ஆகுமோ. ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்? அப்பா கண் மூடுகிறவரை நிம்மதியாகப் பயிற்சி பண்ணிக்கொண்டிரு. டாக்டர் சொல்வதைப் பார்த்தால் அதுவும் ரொம்ப காலம் இல்லை. அதற்கப்புறம் உன் காதைப் பற்றிப் பேசுவோம். இதை அவரிடம் சொல்லிவைக்காதே.

உன் வாத்தியார்


கடவுள் துணை

ஆகஸ்ட் 6

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு மாதமாக விடைத்தாள் வரவில்லையே, அவளுக்கு உடம்புக்கு என்ன என்று உங்கள் அக்காவிடம் கேட்டீர்களாம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆறாவது கேசட்டின் விடைகள் என்னுடையவை அல்ல, ஊசிக்கார அக்காவுடையவை. அவள் இதே தேர்வை எழுதி, கேட்கும் பகுதியில் நாற்பதுக்கு முப்பத்தொன்பது வாங்கி வைத்திருப்பவள். உங்கள் ஏப்ரல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்து, "கேசட்டைப் போடு, நானும் எழுதறேன்" என்று உட்கார்ந்தாள். அவள் தனியாக எழுதினாள், நான் தனியாக எழுதினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பதினெட்டு இடத்தில் ஒரே விடை. "ஏண்டி, இந்தக் காதுக்கா உன் வீட்டுக்காரர் பத்து போடறாரு?" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் அவள் எழுதியதை என் கையெழுத்தில் நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். பதினொன்று போட்டீர்கள்.

ஏழாவது கேசட்டை நான் டேப்பில் போடவே இல்லை. அது இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது. அன்றைக்கு மாமாவை எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினேன், எத்தனை தடவை துணி மாற்றினேன், எத்தனை ஸ்பூன் பால் உள்ளே போயிற்று, எத்தனை வெளியே வந்தது என்று இருபது வரியிலும் இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு போட்டீர்கள். ஒவ்வொரு வரியாகத் திருத்தியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று எழுதினீர்கள். என்னை நம்பவைக்க வேண்டும் என்றுகூட நீங்கள் மெனக்கெடவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் மே மாதக் கடிதம் வந்த அன்று நாலாவது கேசட்டை எடுத்து, மாமாவின் தலைமாட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுற்றிப் போட்டேன். சத்தியத்தை மீறியது அன்றைக்கு மட்டும்தான், அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டுவிட்டேன். மூன்று தடவை அந்த ஆள் நாற்பத்தேழு என்று சொன்னான். "நாப்பத்தேழுதானே மாமா?" என்றேன். மோதிரம் அசையவில்லை. "நான் தேறிட்டா போயிடுவேன்னு பயந்தீங்களா?" என்றேன். ஒரு தட்டு தட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன், அது என் வேலை. நீங்களாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு பொய் சொன்னீர்கள். அவர் என் கையால் பால் குடித்துக்கொண்டே தட்டினார்.

உங்கள் கடிதங்களை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது இந்த வீட்டில் வழக்கம். சில வரிகளை நான் எப்போதும் விழுங்கிவிடுவேன். இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை. "அப்பா கண் மூடுகிறவரை" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை படித்தேன். "ரொம்ப காலம் இல்லை" என்பதையும் படித்தேன். அப்புறம் மூன்று நாள் ஊற்றின பால் உதட்டோரமாகவே வழிந்தது. நாலாம் நாள் குடித்தார். பசி யாரையும் விடாது. நான் செய்தது பாவம்தான். தெரிந்தேதான் செய்தேன், கடவுளிடமும் தெரிந்தே செய்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஊசிக்கார அக்கா பதிவு செய்து கொடுத்தாள், ஜூன் மாதம் தேர்வு எழுதினேன். பிரார்த்தனைக்குப் போகிறேன் என்று சொல்லி மாமாவை அரை நாள் உங்கள் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். அதுவும் பொய்யில்லை, தேர்வு அறையில் முதல் பத்து நிமிஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, "எத்தனை நேரம்டி சாமி கும்பிடுவே? எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு" என்றாள். மாமா நான் போட்டுவிட்டுப் போன அதே பக்கத்தில் கிடந்தார். முடிவு வந்துவிட்டது. கேட்கும் பகுதியில் நாற்பதுக்கு முப்பத்து மூன்று. மற்றதிலும் தேறிவிட்டேன்.

நீங்கள் கையெழுத்துப் போடவேண்டிய விண்ணப்பம் எதையும் இத்துடன் வைக்கவில்லை. நான் அங்கே வரவில்லை. ஊசிக்கார அக்கா வேறொரு நாட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்கு என் பெயரைக் கொடுத்தாள். அந்த இல்லத்து அம்மா டெலிபோனில் பேசினாள். முழுக்க இங்கிலீஷ், ஒரு தடவைதான் கேட்கமுடியும். படுத்த படுக்கையாக இருப்பவரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திருப்புவீர்கள் என்று கேட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றேன். எத்தனை வருஷ அனுபவம் என்றாள். நாலு என்றேன். புண் வந்ததுண்டா என்றாள். ஒன்றுகூட இல்லை என்றேன். எப்போது கிளம்ப முடியும் என்றாள்.

செப்டம்பர் இருபதாம் தேதி காலை கிளம்புகிறேன். உங்கள் அக்காவிடம் சொல்லியாயிற்று. அவள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மாமாவிடமும் சொன்னேன். இரண்டு தட்டினார், நிறுத்தாமல் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தார். மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், விரல் தோல் உரிந்துவிட்டது.

அன்றைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு அவரை வலப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் போவேன். ஏழு மணிக்கு யார் திருப்புவார்கள் என்று எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

மனைவி