வாயில் பஞ்சு, ரேட் ஒன்பது

மார்ச் 3
இன்றைக்கும் அதே கூத்து. மற்ற இடங்களில் கணக்கை முடித்துவிட்டு, லாபத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போகிறது என்று பார்ப்பார்கள். எங்கள் வரிப் பிரிவில் சதவீதத்தை முதலில் சொல்லிவிடுவார்கள். கணக்கு அதன் பின்னால் ஓடிவர வேண்டும். போன வருஷம் 23. இந்த வருஷம் 9 வேண்டுமாம் நிதி இயக்குநருக்கு. 'சதவீதம்' என்றுதான் அவருக்குப் பெயரே வைத்திருக்கிறோம். ஏழு நாடுகளில் விற்கிறோம், ஆனால் எங்கள் பிராண்டின் பெயர் இப்போது ஒரு தீவிலிருக்கும் எங்கள் கிளை நிறுவனத்துக்குச் சொந்தம். எங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள நாங்களே அதற்கு வாடகை கொடுக்கிறோம். லாபம் அங்கே போய்விடும், அங்கே வரி கிடையாது. அந்த நிறுவனம் என்பது பூட்டிய ஓர் அறை. அதன் மூன்று இயக்குநர்களில் நானும் ஒருத்தி. தீவை மேப்பில்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 4
வீட்டுக்காரர் அரசு பஸ் ஓட்டுகிறார். சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வரி பதினாலு சதவீதம் பிடிச்சிருக்காங்க. உன் கம்பெனிக்கு எவ்ளோ?" என்றார். அடுப்பைப் பார்ப்பதுபோல் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 11
தீவு நிறுவனத்தின் கூட்டக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. பிராண்டின் பெயரை வாங்கும் முடிவை அங்கேயே கூடி எடுத்தோமாம். அப்படி எடுத்திருந்தால்தான் அந்த 9 செல்லும். தேதி, போன ஜூலை 19. நான் 'நீண்ட நேரம் பேசி, இரண்டு கேள்விகள் எழுப்பி, திருப்தியடைந்தேன்' என்று போட்டிருக்கிறது.
ஜூலை 19! அன்றைக்குத்தானே கடைவாய்ப்பல் பிடுங்கினேன்? வாயெல்லாம் பஞ்சு. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட வீட்டுக்காரருக்கு எழுதித்தான் காட்டினேன். சீ.

மார்ச் 12
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 13
ஏன் போட்டேன்? வீட்டுக் கடன் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலை போய்விடுமே என்ற பயம் — அவ்வளவுதான். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றார் 'சதவீதம்', வாய் கூசாமல். அவரைச் சொல்வானேன், என் கையும் கூசவில்லையே.

செப்டம்பர் 15
வரித்துறை வந்து ஒரு வாரம் ஆகிறது. கோப்புகளைப் புரட்டிய அதிகாரி அம்மா ஒரு காகிதத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். என் பல் டாக்டர் பில். மருத்துவச் செலவைத் திரும்ப வாங்க நானே கம்பெனியில் கொடுத்தது! தேதியோடு. இத்தனை படித்தவர்கள் இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, என் கண் உட்பட. பில்லில் தேதி தப்பு என்று சொல்லச் சொல்கிறார் 'சதவீதம்'. டாக்டரிடமும் பேசியாயிற்றாம். அவரையும் விட்டுவைக்கவில்லை. தூ.

செப்டம்பர் 16
"ஜூலை பத்தொம்பது நீங்க எங்க இருந்தீங்க?" அதிகாரி அம்மா குரலை உயர்த்தவே இல்லை.
பக்கத்தில் 'சதவீதம்', பேனா மூடியைத் திருகிக்கொண்டு.
"பல் டாக்டர்கிட்ட. அந்தக் கூட்டமே நடக்கல மேடம். கையெழுத்து மட்டும்தான் என்னுது."
சொன்னதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாயங்காலமே என் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

பிப்ரவரி 20
பழைய கம்பெனியின் ஆண்டறிக்கை வந்துவிட்டது. வரி ரேட் 31. காரணம், 'முந்தைய ஆண்டுகளின் சரிக்கட்டல்'. அதாவது, பிடிபட்ட பழைய வரி. பூட்டிய அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தில் 'சதவீதம்' பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அன்றைக்குக் கேட்டதற்குத் தானே பதில் சொல்வதுபோல் வீட்டுக்காரர், "பரவால்ல, என்னைத் தாண்டிட்டாங்க" என்றார்.
பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று இதுவரை ஐந்து இடங்களில் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். ஐந்து பேருமே, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு ஃபைலை மூடினார்கள்.
நாளை ஆறாவது.