மேட்டுப் பரணும் தெற்குக் காற்றும்

அக்டோபர் 4, வெள்ளி

குழந்தை ஐவி ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். போன வருடத்து மான்கறியில் கடைசிப் பொட்டலங்கள், ஒரு பை பட்டாணி, மீதியெல்லாம் பனிக்கட்டி.

என் புருஷன் வெஸ் சரக்குக் கப்பலேறும்போது நான்தான் வாயைக் கொடுத்தேன். "நீ போய் இரும்புத்தாது ஏத்தி இறக்கிட்டு வா. ஃப்ரீசரை நான் நிரப்பறேன்." கடல் மாதிரி கிடக்கும் ஏரி உறைந்து கப்பல்களைக் கட்டிப்போடும் ஜனவரி வரை அவன் வரமாட்டான். அவன் சிரிக்கவில்லை. என்னை மேட்டுக்குக் கூட்டிப்போய், மரத்தில் கட்டிய வேட்டைப் பரணின் ஏணியை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நம்மகிட்ட இருக்கறதுல இதான் நல்ல பரண். அதனாலதான் சொல்றேன், அடிக்கடி ஏறாத. வாரத்துக்கு ஒருதரம் போதும். தெக்குக் காத்து அடிச்சா அதுவும் வேணாம். உன் மணம் நேரா சதுப்புக்குப் போயிடும், மான் படுக்கற இடமே அதான்."

சரி சரி என்றேன். ஐவிக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

இன்றைக்கு முதல் தடவை ஏறினேன். வடக்குக் காற்று. பெண்மான் ஒன்று இரண்டு குட்டிகளோடு காலடியிலேயே மேய்ந்தது. வில்லைத் தொடவில்லை. குட்டிகள் இருந்தன.

அவை போனபிறகு சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பள்ளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு போன் சிக்னல் எட்டாது. பரணில் எட்டுகிறது! வெஸ்தான்.

"எங்க இருக்க?"

"மரத்து மேல."

"அப்ப மெதுவாப் பேசு, மடச்சி."

இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி கிசுகிசுத்தோம். அவன் குரல் கேட்டதும் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது.

அக்டோபர் 7

மறுபடி போனேன். பேசினான். கப்பல் சமையல்காரர் போடும் சூப்பில் கரண்டி நிற்கிறதாம்.

அக்டோபர் 10

இன்றும். மான் இல்லை. வெஸ் இருந்தான்.

அக்டோபர் 12, சனி

ஐவியைக் கார்லாவிடம் விட்டுவிட்டுத்தான் போகிறேன். வெஸ்ஸின் அக்கா. அடுத்த சாலையில் வீடு, பள்ளிச் சமையலறையில் காலை வேலை. இன்று குழந்தையை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஏய், நீ மான் அடிக்கப் போறியா, இல்ல அங்கயே குடித்தனம் வெச்சுட்டியா? ஒரு ஜன்னல் திரை வேணா தைச்சுத் தரவா?"

சிரித்துவிட்டு வந்தேன். அவளிடம் போன் விஷயத்தைச் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் வில் எதற்கு என்று கேட்பாள்.

அக்டோபர் 16

அதே பெண்மான். தூரத்திலேயே நின்றது. வேறு எதையும் பார்க்காமல் முதலில் நிமிர்ந்து பரணைத்தான் பார்த்தது — என் முகத்தை. முன்காலால் தரையை உதைத்தது. மூக்கால் ஒரு சீறல். வெள்ளை வால் நிமிர, குட்டிகளோடு ஒரே ஓட்டம்.

நான் அசையவில்லை, இருமவில்லை. நான் அங்கே இருப்பேன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் காட்டில் என்னைத் தேடிப் பார்த்த ஒரே ஜீவன், பார்த்ததும் ஓடிவிட்டது.

அக்டோபர் 22

காற்று தெற்கு. தெரிந்தேதான் போனேன். அவன் கூப்பிடவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

ஐவிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுத் தொட்டு என் கையே சூடாகிவிட்டது. மருத்துவர் பயமில்லை என்கிறார். பயமில்லை என்று சொல்கிறவர் நம்மோடு வீட்டுக்கு வருகிறாரா என்ன?

கார்லா வந்து உட்கார்ந்ததும் மேட்டுக்கு ஓடினேன். வில்லை எடுத்துப்போக மறந்தேவிட்டேன். நானே கூப்பிட்டேன். அவன் எடுத்ததும் இந்தத் தடவையும் அழுகைதான் வந்தது. தனியா இருக்கேன்டா, முடியலடா, ராத்திரியெல்லாம் அவ மூச்சு விடறாளான்னு பார்த்துக்கிட்டே கிடக்கேன் —

அவனுக்குப் பின்னால் எந்திரச் சத்தம். "ஆட்ரா, நான் இங்கேருந்து என்ன பண்ண முடியும், சொல்லு."

இறங்கும்போதுதான் பார்த்தேன், ஏணிக்கடியில் புல்லே இல்லை. என் காலடி பட்டு வெறும் மண் ஆகியிருக்கிறது.

நவம்பர் 6

ஏரியில் புயல் என்று வானொலி. நேற்றும் இன்றும் இருட்டும்வரை பரணிலேயே உட்கார்ந்திருந்தேன். விரல்கள் மரத்துப்போயின. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு யானை வந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது.

கார்லா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கத்திக் கத்தி குழந்தைக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நேரம் காலம் தெரியாதா உனக்கு?"

உயிரோடு இருக்கிறானா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

நவம்பர் 8, வெள்ளி

சொல்லிவிட்டார்கள்.

கார்லா கறி அடைத்துச் சுடும் ரொட்டிக்குக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "நேத்து வெஸ் கூப்பிட்டான். நல்லாருக்கான். புயல் அடங்கற வரைக்கும் வளைகுடாவுல நங்கூரம் போட்டுட்டாங்களாம்."

"உனக்கா கூப்பிட்டான்?"

"எனக்குத்தான்."

"எனக்கு ஏன் கூப்பிடல?"

கத்தி நின்றது. "நீ எடுத்ததும் அழறியாம். போனை வெச்சப்புறம் அவனுக்குத் தூக்கமே வரதில்லையாம். ஒருநாள் விட்டுக் கூப்பிடலாம்னு பார்த்தானாம். அப்புறம் ரெண்டு நாள். அப்புறம் நம்பரைப் பார்த்தாலே பயமாயிடுச்சாம்." கிழங்கை ஒதுக்கித் தள்ளினாள். "அந்த மரத்தைக் கொஞ்ச நாள் சும்மா விடு, பொண்ணே. ஊறிப்போய்க் கிடக்கு உன் மணம். மானும் வராது, அவனும் வரமாட்டான்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

நவம்பர் 9

கல்லூரியில் நான்கு வருடம் நான் படித்தது தகவல் தொடர்பியல். பட்டம் சுவரில் மாட்டியிருக்கிறது. சிரிப்பு வருகிறது.

அக்காவிடம் சொல்கிறான், என்னிடம் சொல்லவில்லை. நான் என்ன புலியா?

நவம்பர் 12, செவ்வாய்

மழை. மழையில் மணம் நிற்காது என்று ஐவியை மறுபடி கார்லாவிடம் விட்டேன். மன்னிப்பு நான் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. "சோறு தின்னியா?" என்றாள், அவ்வளவுதான்.

மேட்டுக்குப் போகவில்லை. சதுப்பின் தெற்கு ஓரமாகத் தேவதாரு மரங்களுக்குள் நடந்தேன். புதிய தடம் இருந்தது! ஈர மண்ணில் குளம்பு குளம்பாக. அதைப் பிடித்துக்கொண்டே போனால், சதுப்பிலிருந்து நேரே மேட்டுக்கு வர வேண்டிய பாதை பாதியில் வளைந்து, என் மரத்துக்கு எட்டாத தூரத்திலேயே சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்கிறது. கயிறு கட்டி வட்டம் போட்ட மாதிரி.

காட்டை விட்டு அவை எங்கேயும் போய்விடவில்லை. என்னை மட்டும்தான் சுற்றிப் போயிருக்கின்றன. நான் அந்த வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, காட்டில் ஒன்றுமே இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாள்; இதுவரை வில்லுக்கு மட்டும்தான் அனுமதி. பள்ளி விடுமுறை, ஆகவே கார்லா வீட்டில், ஐவி அவளிடம். ஊரே வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டையில்.

வானொலியில் மறுபடி ஏரிக்குப் பெருங்காற்று எச்சரிக்கை. மேட்டுக்கும் சதுப்புக்கும் பிரிகிற இடத்தில் நின்றேன். மேட்டில் அவன் குரல் கிடைக்கலாம். சதுப்பில் கறி கிடைக்கலாம், குரல் நிச்சயமாகக் கிடைக்காது. கால் தானாக மேட்டுப் பக்கம் திரும்பியது. திரும்ப வீட்டுக்கே போய், போனை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

சதுப்போரம் விழுந்து கிடந்த தேவதாருவுக்குப் பின்னால், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். வடக்குக் காற்று முகத்தில் அடித்தது. அவன் கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கலாம். ஐவி அழுதுகொண்டிருக்கலாம். இரண்டும் எனக்குத் தெரியாது. தெரியாமலே உட்கார்ந்திருக்க முடிந்தது. அதுதான் இன்றைய ஆச்சரியம்.

மதியத்துக்குமேல் இளம் ஆண்மான் ஒன்று புதிய தடத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. என் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரே குண்டு. சிறிது தூரம் ஓடி விழுந்தது. பக்கத்தில் முழங்காலிட்டு அதன் கழுத்தில் கை வைத்தேன், சூடு ஆறும்வரை. அழுதேன். யாருக்கும் கேட்கவில்லை, யார் தூக்கமும் கெடவில்லை.

சதுப்புப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டு, மானை இழுத்துவர கார்லா சறுக்குவண்டியோடு வந்தாள், ஐவியை முதுகில் கட்டிக்கொண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டை முன்னாடி பால், கையில ரத்தம். போய் முதல்ல குளிடி, பிள்ளை பயந்துக்கப்போகுது."

"வெஸ்கிட்ட நீயே சொல்லிடு. ஃப்ரீசர் நிறைஞ்சதுன்னு."

"நீ சொல்லலியா?"

"நீ சொல்லு."

நவம்பர் 23

பனி. ஐவி தரையில் தவழ்ந்து ஃப்ரீசர் வரை போனாள். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மேட்டுக்குக் கீழேவரை நடந்தேன், ஏறவில்லை. ஏணிக்கடியில், நான் தேய்த்த வெறும் மண்ணின்மேல் விழுந்த பனியில் குளம்புத் தடங்கள். பெரியது ஒன்று, சின்னது இரண்டு. ஏணியின் கடைசிப் படியை மோந்து பார்த்துவிட்டு மெதுவாகத்தான் போயிருக்கின்றன.

சாயங்காலம் கார்லா சூப் கொண்டுவந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டாள். "உன் புருஷன் என் உயிரை வாங்கறான். தினம் போன். 'அவ ஏன் கூப்பிடல? கோவமா? ஐவி எப்படி? எப்பத்தான் மேட்டுக்குப் போவா?' நான் சமைக்கவா, உங்களுக்குத் தபால்காரியா இருக்கவா?" சூப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "இப்ப அவன்தான் மரத்துல ஏறி உக்காந்திருக்கான், பார்த்துக்க."

சிரித்தேன். சிரிப்பு நிற்காததால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் போனபிறகு வாசலில் நின்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தேன். தெற்கு. இன்று மேட்டுக்கு ஏற வேண்டாம். நாளை வடக்குக் காற்று என்கிறது வானொலி.