பேனா இல்லாத ஆள்

டீச்சர்,

அந்த நீல நாற்காலியின் கால் மறுபடியும் விரிந்துவிட்டது. ஹேடோ வார்ஃபில் சரக்கு கட்டிப் போட்ட பழைய நைலான் கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து இன்று காலை அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். மழையில் ஊறிய கயிற்றுக்கு ஒரு வாடை உண்டு. உப்பும் டீசலும் கலந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் உங்கள் குரல் கேட்டது போல இருந்தது. “கட்டினது போதும் அண்ணாச்சி, உக்காருங்க.”

திரும்பிப் பார்த்தால் பெரார்கஞ்சிலிருந்து மாற்றலாகி வந்த புது டீச்சர் நின்றுகொண்டிருந்தார். சின்னப் பெண். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தார்.

“இன்னிக்கு என் கிளாஸ்ல பின்னாடி உக்காரப் போறது நீங்களா, தாத்தா? பையில இருக்கிறது பென்சிலா?”

ஆமாம் என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. நான் ஏன் சிரித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் இப்போது அவசரமில்லாத இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

வார்ஃபில் மூட்டை தூக்கி முதுகு போன பிறகு பெற்றோர் கமிட்டி என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, பாதாம் மரத்தில் தொங்குகிற கப்பல் இரும்புத் தகட்டில் மணி அடிப்பது, இவ்வளவுதான் வேலை. அந்த வருஷம் லீவு முடிந்து நீங்கள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் நம் தீவுக்கு வந்து இறங்கினபோது உங்கள் பையை நான்தான் தூக்கிவந்தேன். ஏதோ ஃபெலோஷிப் கிடைத்திருக்கிறது, ஆசிரியர்களில் தலைமை ஏற்கிறவர்களுக்கான பயிற்சி என்றீர்கள். அப்படியானால் ஹெட்மாஸ்டர் ஆகப் போகிறீர்களா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. சம்பளமும் ஏறாது. பக்கத்து கிளாஸ் கதவைத் தட்டுற வேலை.”

எனக்குப் புரியவில்லை. போகப் போகப் புரிந்தது. ஒரு டீச்சர் பாடம் நடத்தும்போது இன்னொரு டீச்சர் பின்சுவரோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் பேச வேண்டும். இதை முதலில் நீங்கள் செய்து, பிறகு மற்றவர்களையும் செய்ய வைக்க வேண்டும். வருஷக் கடைசியில் மெயின்லேண்டிலிருந்து ஒரு அம்மா பார்க்க வருவார். உங்கள் வகுப்பு மட்டும் திறந்திருந்தால் போதாது. இன்னொரு கதவாவது திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வருஷம் கிடையாது, எல்லாம் அதோடு முடிந்தது.

யாரும் வரவில்லை. நீங்கள் உங்கள் இரண்டாம் வகுப்பில் நீல நாற்காலியைப் போட்டுவைத்தீர்கள். வாரா வாரம் அது காலியாகவே கிடந்தது. நம் பள்ளிக்கூடத்தில் பின்னால் வந்து உட்காருகிற ஆள் என்றாலே இன்ஸ்பெக்ஷன்தான், கையில் பேனாவோடுதான். கணக்கு சாரை உங்களுக்குத் தெரியும். ஒருமுறை அப்படி ஒருவர் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் சாருக்குத் தெற்குக் கோடித் தீவிலிருக்கிற காம்ப்பல் பேக்கு மாற்றல் வந்தது. வீட்டில் அப்போது அவர் சம்சாரம் நிறைமாதம். கப்பல் சரியாகக் கிடைக்காமல், லீவும் கிடைக்காமல், அவர் தன் மகனை முதன்முதலில் பார்த்தபோது அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. உங்களிடம் அவர் கத்தவில்லை. “மெயின்லேண்ட்ல சரி மேடம். இங்க நை சலேகா, நடக்காது,” என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டார். அதற்கு மேல் ஸ்டாஃப் ரூமில் யார் வாய் திறப்பார்கள்?

அந்த வாரம்தான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து என்னிடம் கேட்டீர்கள்.

“அண்ணாச்சி, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?”

கூசிப்போயிற்று. கைநாட்டுதான் என்றேன். உங்கள் முகம் மலர்ந்தது. நான் கைநாட்டு என்று சொல்லி அதுவரை யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

“அப்ப நீங்கதான் எனக்கு வேணும். பேனா இல்லாத ஆளு. உங்களைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டாங்க. முதல்ல அந்த நாற்காலி எல்லாருக்கும் பழகட்டும்.”

உட்கார்ந்தேன். பாடம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். நல்லா இருந்ததா என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது வேறு. “இன்னிக்கு யார் பேசவே இல்ல அண்ணாச்சி?” எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள் டீச்சர், பேசாதது நான் ஒருத்தன்தான் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

மறுநாள் நாற்காலி மேல் ஒரு சிலேட்டு இருந்தது. வகுப்பு தொடங்கியதும் முதல் கேள்வி எனக்குத்தான் வந்தது. “நேத்து பேசாதவங்களை இன்னிக்கு முதல்ல கேக்கணும். அதான் சட்டம். சொல்லுங்க அண்ணாச்சி, இது என்ன எழுத்து?” பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு பொடிசு வாயசைத்து விடையைக் காட்டியது.

நீங்கள் நினைத்தபடியே நடந்தது. நான் உட்கார்ந்துவிட்டு வந்தும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் இந்தி மேடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். பிறகு சயின்ஸ் சார். கடைசியில் கணக்கு சாரும் “அண்ணாச்சின்னா டீக் ஹை, சரி” என்றுவிட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனேன். இந்தி மேடத்தின் வகுப்பில் ஒரு தடவை தூங்கியும் போனேன். அதையும் போய் உங்களிடம் சொன்னேன்.

இதற்குள் எனக்கு எழுத்து கூடிவிட்டது டீச்சர். அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல. நம் சாயபு கடையில் மெயின்லேண்ட் அரிசி மூட்டை ஒன்றை நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். “கொக்கி போடாதீர்” என்று போட்டிருந்தது. ஆயுசு முழுக்க அந்த மூட்டைகளைக் கொக்கி போட்டுத்தான் இழுத்திருக்கிறேன். அங்கேயே நின்று சிரித்தேன். சாயபு பாய் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

அந்தச் சந்தோஷம்தான் வினையாக வந்தது.

மெயின்லேண்ட் அம்மா வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. கணக்கு சார் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் போர்டில் ‘மீதி’ என்று எழுதினார். எனக்கு வாசிக்க வந்தது. வாசிக்க வந்ததும் கை சும்மா இருக்கவில்லை, மடியிலிருந்த சிலேட்டில் எழுதிப் பார்த்தேன். குச்சி கீச்சென்றது. சார் திரும்பினார். பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார்.

“என்ன எழுதுறீங்க?”

சிலேட்டை வாங்கிப் பார்த்தார். ஒற்றைச் சொல், அதுவும் கோணலாக. வெகுநேரம் பார்த்தார். அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சிலேட்டைத் திருப்பிக் கொடுத்து, “எந்திரிங்க அண்ணாச்சி,” என்று மெதுவாகச் சொன்னார். நான் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

ஸ்டாஃப் ரூமில் அவர் உங்களிடம் பேசியதை வராந்தாவிலிருந்து கேட்டேன். “எழுதத் தெரியாத ஆளுன்னு அனுப்பினீங்க. கத்துக் குடுத்து அனுப்புறீங்க. இது தோகா, மேடம்.” ஏமாற்று என்கிற அந்தச் சொல் உங்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விடுவதற்குள் எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது. ஹெட்மாஸ்டரும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். ஸ்டாஃப் கம்ப்ளெயிண்ட் மேலே போனால் தன் கையில் ஒன்றும் இல்லை, அடுத்த மாற்றல் ரொட்டேஷனில் வெளித்தீவுக்குப் போகிற பேர் உங்களுடையதாக இருக்கும் என்றார்.

உங்களைத் தேடி வந்து, நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

“நீங்க எழுதுறதை விட்டாத்தான் எனக்குக் கிடைக்கும்னா, அப்படி ஒரு ஃபெலோஷிப் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி.”

மறுநாள் ஸ்டாஃப் ரூம் பானையில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் கணக்கு சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை என்று அவர் எப்போதும் குத்திக்கொண்டே இருப்பாரே, அதையேதான் எடுத்தீர்கள்.

“நாளைக்கு அந்தம்மா முன்னாடி கடன் வாங்கிக் கழித்தல்தான் எடுக்கப் போறேன். எனக்கு அது சரியா வராதுன்னு உங்களுக்குத் தெரியும். வந்து பின்னாடி உக்காருங்க சார். பேனா எடுத்துட்டு வாங்க.”

“நான் எழுதினா அது யாருக்குப் போகும்?”

“எனக்கு மட்டும்.”

அவருடைய சிவப்புப் பேனா நோட்டின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. பானை நிரம்பி வழிந்து என் காலில் ஊற்றின பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

அந்த அம்மா வந்த அன்று காலையிலிருந்தே மழை. விமானம் இறங்குமோ இறங்காதோ என்றார்கள், இறங்கிவிட்டது. அவர் உங்கள் வகுப்பில் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பின்சுவரோரம் நீல நாற்காலி காலி. நான் பாதாம் மரத்தடியில் இரும்புக் கம்பியோடு நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கேள் என்றீர்கள். பிள்ளைகள் விழித்தார்கள். அழித்துவிட்டு மறுபடி எழுதினீர்கள். மறுபடியும் விழித்தார்கள். உங்கள் கண் கதவுக்குப் போய்விட்டு வந்தது. போய்விட்டு வந்தது.

பீரியட் முடிகிற நேரம் ஆகிவிட்டது. கம்பியை ஓங்கினேன். அப்போதுதான் ஸ்டாஃப் ரூம் வாசலில் கணக்கு சாரைப் பார்த்தேன். சாரல் அடிக்கிற வராந்தாவில் சும்மா நின்றார். உள்ளே போனார். திரும்ப வந்தார். இப்போது கையில் பேனா இருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

நான் அடித்தால் வகுப்பு முடிந்துவிடும். அவரும் திரும்பிப் போய்விடுவார். ஓங்கின கை அப்படியே நின்றது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து ஹெட்மாஸ்டர், “க்யா ஹுவா அண்ணாச்சி, பெல் அடிங்க,” என்றார். மழையில் எனக்குக் காது கேட்கவில்லை. தகட்டைக் கட்டியிருந்த கம்பி தளர்ந்துவிட்டது போல அதை முறுக்கத் தொடங்கினேன். இன்னொரு தடவை கூப்பிட்டார். இன்னும் முறுக்கினேன். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை.

சார் நடந்தார். உங்கள் வாசலில் போய் நின்றார். நீங்கள் பாடத்தை நிறுத்தவில்லை. சாக்பீஸாலேயே நாற்காலியைக் காட்டினீர்கள். அவர் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்ததும் உங்கள் கையில் சாக்பீஸ் உடைந்தது. பாதியை வைத்தே எழுதினீர்கள். அவரும் எழுதினார். அவர் இரண்டாவது பக்கம் புரட்டின பிறகுதான் நான் மணி அடித்தேன்.

தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே வந்தேன். முதலில் சார்தான் பேசினார்.

“கடன் வாங்கு, வாங்குன்னு சொல்றீங்க மேடம். யார் வீட்ல இருந்து வாங்குறதுன்னு பிள்ளைக்குத் தெரியல. முதல்ல ஒரு பத்துக்குச்சிக் கட்டைப் பிரிச்சுக் காட்டுங்க.”

நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். பிறகு உங்கள் கேள்வியைக் கேட்டீர்கள். ஜன்னலோரம் இரண்டாவது பிள்ளை பேசவே இல்லை என்றார் சார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“அடுத்த பீரியட் என்னோடது. வர்றதுன்னா வாங்க. பேனா எடுத்துட்டு வாங்க.” வாசல் வரை போய் என்னைப் பார்த்தார். “நீங்களும்தான் அண்ணாச்சி. சிலேட்டோட.”

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன். நீங்கள் திரும்பாமலே, “இன்னிக்கு மணி லேட்டு,” என்றீர்கள். மழை டீச்சர் என்றேன். “ம், மழை,” என்றீர்கள்.

இரண்டாம் வருஷம் கிடைத்தது. அதன் பாதியில்தான் உங்களுக்கு உடம்புக்கு வந்தது. உங்கள் லம்பா லைன் வீட்டிலிருந்து ஏர்போர்ட் எவ்வளவு பக்கம், அதற்குள் ஆட்டோவில் நீங்கள் இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டீர்கள். நாற்காலியை மழையில் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னீர்கள். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கடைசிச் சேதி வந்த அன்று கணக்கு சார் உங்கள் வகுப்புக்குப் போய், அந்த நாற்காலியில் ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தார். முன்னால் பாடம் நடத்த ஆள் இல்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

இப்போது அதே பயிற்சிக்கு அவர் போகிறார். வாரா வாரம் யார் எந்த வகுப்பில் உட்காருவது என்று அவர்தான் சொல்கிறார். இந்த வாரம் புது டீச்சருக்கு என்னைப் போட்டிருந்தார்.

உட்கார்ந்தேன். பாவம், அந்தப் பிள்ளை ஒரே வரியை இரண்டு தடவை அழித்து எழுதினார். முடிந்ததும் என் சிலேட்டை எட்டிப் பார்த்தார். நான் எழுதியிருந்தது போர்டில் அவர் எழுதின பாடம்தான், அதுவும் பாதி. அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சார் சொல்லிக் கொடுத்தபடி கேட்டார். “இன்னிக்கு யார் பேசல தாத்தா?” கதவோரம் இருந்த சிவப்பு ரிப்பன் பிள்ளையைக் காட்டினேன்.

வெளியே வந்து மணியும் அடித்துவிட்டேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மணி கேட்டதும் அந்த ரிப்பன் பிள்ளைகூடக் கத்திக்கொண்டு ஓடியது. இன்றைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பேசினார்கள். பேசாதது நீங்கள் ஒருத்தர்தான் டீச்சர். பேசாதவர்களை மறுநாள் முதலில் கேட்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம்.

அதனால் நாளைக்கு முதல் கேள்வி உங்களுக்கு. என் கையெழுத்து வாசிக்க வருகிறதா?