மூன்றாவது பாட்டில் நான் இல்லை

பெப்ரவரி 3, செவ்வாய்

திரும்பவும் பனி. காரை வழித்தெடுக்கவே அரை மணி. மார்க்கத்திலுள்ள ஒபிசுக்குப் பிந்திப் போய் மனேஜரின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. வாங்க: பால், வாசல் பனிக்குப் போட உப்பு, அப்பாவின் பிரஷர் குளிசை.

மத்தியானம் ரிஷியின் மெசேஜ். அல்பம் முடிந்ததாம், பத்துப் பாட்டும் அனுப்பியிருக்கிறான். எங்கள் பாண்டின் பாடகன், தலைவன், இங்கே கனடாவிலேயே பிறந்த பொடியன். ஸ்காபரோவில் இருந்துகொண்டு சதர்ன் ரொக், கன்ரி என்று அமெரிக்கத் தெற்குப் பாட்டுகளோடு திரிகிற எங்களைப் பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. சிரிக்கட்டும். ஒரு வருடமாக ஒவ்வொரு சனியும் ஸ்ரூடியோவில் ஸ்டீல் கிற்றாரை மடியில் கிடத்தி, கம்பிமேல் இரும்பை வழுக்கி வழுக்கி விரல் மரத்துப்போனது இதற்குத்தான்.

பெப்ரவரி 4, புதன்

வேலைக்குப் போகும்போது காரில் கேட்டேன். மூன்றாவது பாட்டில் நான் இல்லை. கிற்றார் இருக்கிறது. அதே மெட்டு, அதே இடங்கள். கை என்னுடையது இல்லை. நான் சுரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேருவேன். இதில் வாசிக்கிறவன் நேரே போய் நிற்கிறான்.

மற்றப் பாட்டுகளும் அப்படியே. பத்திலும் நான் இல்லை. பார்க்கிங்கில் இருந்து அழுதேன். நாற்பத்தாறு வயது மனுசன்.

பின்னேரம் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு? என்ன வித்தியாசம்?" என்றாள் சுபா.

பெப்ரவரி 6, வெள்ளி

கொல்லுகிற குளிர். ரிஷிக்குப் போன். முதலில் மழுப்பினான்.

"அண்ணா, பேர்சனலா எடுக்காதேங்கோ. புரொடியூசர்தான் அமெரிக்காவில, நாஷ்வில்ல ஒரு ஆளைக் கொண்டு திருப்பி வாசிப்பிச்சவர். உங்கட டைமிங்... ஒரே லேற். பட் அல்பத்தில உங்கட பேர்தான் போடுறம், ப்ரொமிஸ்."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

பெயரை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. எடுத்தால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவு கேவலமாகிவிட்டேன். கிற்றார் கட்டிலுக்குக் கீழே. தொடப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

வெயில், சூடில்லாத வெயில். அப்பாவைப் பிக்கரிங்கில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வாசிப்பை அவர் ஒருநாளும் இருந்து கேட்டதில்லை. "உதென்ன இழுவை" என்று அறைக் கதவைச் சாத்துவார்.

காரை ஸ்ரார்ட் பண்ண, போனிலிருந்த அல்பம் தானாகப் பாடத் தொடங்கியது. நிறுத்தக் கை நீட்டினேன்.

"விடு தம்பி."

வழி முழுக்கக் கேட்டார். கண்ணை மூடி, தொடையில் விரலால் தாளம். அக்கா வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

"உந்தக் கிற்றார் வாசிக்கிறது நீயே?"

"ஓம் அப்பா."

"இவ்வளவு நாளும் இழுபட்டுக்கொண்டு திரிஞ்சாய். இப்பதான் கை வந்திருக்கு."

தோளில் தட்டினார். என் நினைவில் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எப்பிடியடா இந்தக் கையைப் பிடிச்சனி?"

"கனக்கப் பழகினனான், அப்பா."